கோட்டுக்கு முன்னால் ஒரு பேர்

அய்யாக்கண்ணு,

இன்று தெமியாங்கில் கல் செதுக்குகிறவர் உன் சமாதிக் கல்லில் சாக்பீஸால் எழுதிப் பார்த்தார். ஐசி அடையாள அட்டையில் உள்ளபடி உன் பேர், மகன் என்பதற்கு மலாயில் போடுகிற இரண்டெழுத்து, அதன் நடுவே சாய்ந்த கோடு, பிறகு உன் அப்பா பேர். அந்தக் கோட்டைப் பார்த்ததும் உன் சிடிகள் ஞாபகம் வந்தன.

லோபாக்கில் நீ வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையில் பதிந்து கொடுத்தவை. கம்ப்யூட்டரை ஓட்டுகிற சாப்ட்வேர், யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பாய். மற்றவர்கள் மேலே லினக்ஸ் என்று மட்டும் எழுதுவார்கள். நீ குனு என்று எழுதி, கோடு போட்டு, அப்புறம்தான் லினக்ஸ் எழுதுவாய். அதற்கு முதலாளி திட்டிய அன்று நான் எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் வெட்டிவிட்டு வந்து பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே ஆரம்பித்தாய்.

"லினக்ஸ்ங்கிறது எஞ்சின் மட்டும்தாம்மா. அதுக்கு முன்னாடியே மத்த சாமானெல்லாம் குனு ஆளுங்க செஞ்சு வெச்சிட்டாங்க. எஞ்சின் வந்தவொடனே மொத்தத்துக்கும் அந்தப் பேராம்."

"நீயாடா செஞ்ச? எவனுக்கோ ஏண்டா மல்லுக்கட்டுற?"

"செஞ்சவங்க கடைக்கு வந்து கேக்க மாட்டாங்கல்லம்மா."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப ஒன் பேருக்குப் பின்னாடி ஏண்டா அந்தாளு பேரு மட்டும்? ஒனக்குப் பல்லு மொளைக்கிறதுக்குள்ள தம்பின் டவுன்ல இன்னொருத்திகிட்டப் போயிட்டாரு. வளத்தது யாரு?"

மறுநாள் உன் சாப்பாட்டு டப்பா மூடியில், சிடியில் எழுதுகிற அதே மார்க்கரால் உன் பேர், கீழே என் பேர், கோடு, அப்பா பேர்.

"டப்பாவவிட பேரு பெருசா இருக்குடா" என்றேன்.

"இருக்கட்டும்லா" என்று சிரித்தாய்.

நீ மோட்டாரில் அடிபட்டுப் போன பிறகு அந்த டப்பாவில்தான் சோறு கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போகிறேன். மூடியை மட்டும் தேய்த்துக் கழுவுவதில்லை.

கல்லில் என் பேரையும் போடச் சொன்னேன். கூட வந்த உன் மாமா, "எஸ்டேட்டே சிரிக்கும், தங்கச்சி" என்றார். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றேன். கல்காரர் விரலால் அளந்தார்.

"ரெண்டு பேரும் போட்டா எழுத்து பொடிசாயிரும் அக்கா. அப்பா பேர எடுத்துறவா?"

எடுங்கள் என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் நீ எந்தச் சிடியிலும் லினக்ஸ் பேரை அடித்து நீக்கியதில்லையே. அப்புறம் வந்து சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

எழுத்து பொடிசானாலும் பரவாயில்லை, அப்பா பேரையும் விடாதே என்றுதான் சொல்வாயா, கண்ணு?