காப்புக்கு முன்னால் வாங்கிய தோள்கறி

இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து பன்றிக் கொழுப்பின் வாடை போகவில்லை. எழுதும் தாளிலும் ஏறுகிறது. பின்னால் கொட்டகையில் பானை அடுப்பில் இருக்கிறது. அடியில் முந்திரிக் கட்டை கனன்றுகொண்டிருக்கிறது. நீங்கள் சொன்ன தீ இதுதான், எரியவும் கூடாது, அணையவும் கூடாது. சாயங்காலம்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

காலையில் ஜெயங்கொண்டம் போனேன். ஊருக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிற அந்தக் கடைதான். என்னைப் பார்த்ததும் கடைக்காரர், "தோள்பட்ட எடுத்து வெச்சிருக்கேன்க்கா, அண்ணன் கேக்குற மாதிரி எலும்போட" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கேட்கிற மாதிரி என்று அவர் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. உங்களை இன்னும் கறி வாங்க வருகிற ஆளாக நினைக்க ஒருத்தராவது இருக்கிறார் என்றுதான் இருந்தது.

நீங்கள் சிங்கப்பூரிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் இந்தக் கறி உண்டு. பாத்திரம் கழுவப் போய், அப்புறம் கறி வெட்டி, கடைசியில் அந்த வெள்ளைக்காரச் சாப்பாட்டுக் கடையில் கறி வேகவைக்கிற ஆளாகவே ஆகியிருந்தீர்கள். புல்டு போர்க் என்று நீங்கள் பெருமையாகச் சொன்னபோது, "பிச்சுப் போட்ட பன்னிக்கறின்னு சொல்லுங்களேன், அதுக்கு எதுக்குங்க பாஸ்போர்ட்டு" என்று கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. உங்களுக்குக் கோபம் வராது என்பதே எனக்குப் பாதிக் கோபம்.

நம் வீட்டில் பன்றிக்கறி வாசல்படி தாண்டாது. அதற்கென்று ஒரு கனத்த பானை, வேப்பமரத்தடியில் கவிழ்ந்தே கிடக்கும். உப்பு, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மிளகு, தட்டிய வெல்லம் எல்லாம் சேர்த்துக் கறியில் அழுந்தத் தேய்த்து ஊறவைப்பீர்கள். அங்கே வினிகர் ஊற்றுவார்களாம், நீங்கள் இங்கே புளித்தண்ணீர் ஊற்றினீர்கள். மூடியைச் சுற்றி மாவைப் பிசைந்து அடைத்து, மூடிமேல் கொஞ்சம் தணலை அள்ளிப் போட்டுவிட்டு, பீடி கூடப் பிடிக்காமல் காவல் இருப்பீர்கள். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தள்ளி நின்று, "கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் வரைக்கும் வாட போவுது" என்பேன். "அவசரப்பட்டுத் தொறந்தா இறுகிப்போயிடும். அது தானா விட்டுக்குடுக்கணும்" என்பீர்கள். கறியைப் பற்றித்தான் சொன்னீர்கள். நான் ஒரு துண்டும் தொட்டதில்லை. நீங்கள் பம்புசெட்டில் குளித்துவிட்டு வந்தால்தான் உள்ளே விடுவேன். மீன்சுருட்டிப் பக்கத்திலிருந்து உங்கள் கூட்டாளிகள் வந்து சாப்பிட்டுவிட்டு, பல்லில்லாத கிழவனும் தின்னலாம் என்று சொல்லிப் போவார்கள். அந்தப் பேச்சை நீங்கள் மறக்கவில்லை.

வாயில் புண் என்று நிரந்தரமாகத் திரும்பி வந்தீர்கள். தஞ்சாவூரில் அது வெறும் புண் இல்லை என்றார்கள். கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டுப் புற்றுக்குக் கரண்ட் வைத்தார்கள். கழுத்து கருகிப்போய், எச்சில் வற்றிப்போய் வீட்டுக்கு வந்தீர்கள். தாடை நாளாக ஆக இறுகும், அதனால் ஐஸ் குச்சிகளை அடுக்கி வாயில் வைத்துத் திறந்து பழகவேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தினமும் காலையில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து குச்சிகளை அடுக்குவீர்கள். முந்தின நாள் நுழைந்ததில் ஒரு குச்சி நுழையாமல் போனால், அதை என்னிடம் சொல்லாமல் பையில் போட்டுக்கொள்வீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்கள்.

கஞ்சியும் ரசமும் மசித்த இட்லியுமாக நாட்கள் போயின. ஒரு நாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "தோள்கறி ஆக்கித் தரியா? நல்லா வெந்தா பல்லே வேணாம்" என்றீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். நான் யோசிக்கவே இல்லை. மறு ஞாயிறே போய் வாங்கிவந்தேன். நீங்கள் கட்டிலில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்தக் கறியை முதல்முதலாகக் கையால் தொட்டு மசாலா தேய்த்தேன். "பயப்படாத, கடிக்காது" என்றீர்கள். அன்று நீங்கள் சிரித்தீர்கள்.

அடுப்பு மூட்டப் போகும்போதுதான் கோயில் மைக் கேட்டது. மாரியம்மனுக்குக் காப்பு அடுத்த ஞாயிறு என்றுதான் ஊரில் பேச்சு. கூத்துக்காரர்களுக்கு வேறு தேதி ஒத்துவரவில்லையாம், அதனால் இன்று சாயங்காலமே காப்புக் கட்டு என்று சொன்னார்கள். காப்புக் கட்டிவிட்டால் அது இறங்குகிறவரை ஊருக்குள் கறி ஆகாது. எண்ணெயில் கடுகு தாளிக்கிற வாடை கூட வரக்கூடாது. வெளியூரில் ராத்தங்கக்கூடாது. இந்தக் கறியோ வெந்து முடியவே இருட்டிவிடும்.

அத்தை வந்து பானையைப் பார்த்தார். "ஏண்டி, மைக்குல சொன்னது காதுல வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சு அத்த. அவுங்க வாயத் தொறந்து கேட்டுட்டாங்க. ஆத்தாளுக்குப் புள்ள பசி தெரியாதா?"

"எம் புள்ளடி அவன். எனக்கு மட்டும் வவுறு எரியலையா? இப்பவே இப்படிக் கெடக்குறான், இன்னும் தெய்வக் குத்தம் வேறயா?"

நான் விடவில்லை. கல்லங்குறிச்சியில் என் தம்பி வீடு இருக்கிறது, கறியோடு உங்களையும் வண்டி வைத்துக் கூட்டிப்போய் அங்கே ஆக்கித் தருகிறேன், காப்பு இறங்கிய பிறகு வருவோம் என்றேன். அத்தை கூட அதற்குத் தடை சொல்லவில்லை. நீங்கள்தான் தலையை ஆட்டினீர்கள். பேசினால் வலிக்கும் உங்களுக்கு. ஆனாலும் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னீர்கள்.

"வேணாம். காப்புக் கட்டுன ஊர்க்காரன் எங்க போனாலும் காப்புக்காரன்தான். பொதைச்சிடு. எறங்குனப்பறம் வாங்கிக்கலாம்."

"அதுக்குள்ள உங்க வாய் என்னாவும்னு தெரியுமா?"

"தெரியும். பொதைச்சிடு."

அன்று உங்களை நான் வெறுத்தேன். அழகாக எழுத எனக்குத் தெரியாது. வெறுத்தேன், அவ்வளவுதான். அந்த வெட்கங்கெட்ட பொறுமையை, யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற அந்தக் குணத்தை. அத்தை மண்வெட்டியை எடுத்துவந்து என் பக்கத்தில் சாய்த்து வைத்தார். முந்திரித் தோப்பு ஓரத்தில் குழி வெட்டி, மசாலா தேய்த்த கறியை அப்படியே போட்டு மூடினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் குழி கிளறிக் கிடந்தது. நாய்கள் எலும்பைக்கூட விடவில்லை. உங்களிடம் நான் அதைச் சொல்லவில்லை.

ஊர் முழுக்க வேப்பிலைத் தோரணம், மைக்கில் பாட்டு, ராத்திரிக்குக் கூத்து. நம் வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் குச்சிகள் குறைந்துகொண்டே வந்தன. மசித்த இட்லி போயிற்று. அப்புறம் கஞ்சியிலிருந்த பருக்கையும் போயிற்று. கரகம் நம் வாசலுக்கு வந்து நின்றபோது உங்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நிறுத்தினேன். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டீர்கள். நான் கும்பிடவில்லை. கும்பிடுகிற மாதிரி கையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

காப்பு இறங்கிய மறுநாளே கடைக்காரரிடம் சொல்லி வரவழைத்தேன். விடிந்ததும் பானையை ஏற்றினேன். உங்கள் கட்டிலைக் கொட்டகைக்குத் தூக்கிவந்து போட்டோம். அன்று நீங்கள் காவல், நான் வேலையாள். "கட்டைய வெளிய இழு", "மாவு வெடிச்சிருக்கு, பூசு" என்று விரலால் காட்டுவீர்கள். பொழுது சாய மூடியைத் திறந்தேன். இரண்டு கரண்டிகளால் இழுத்தேன், எலும்பு தனியாகக் கழன்று வந்தது. நார் நாராகப் பிரிந்து, அடியில் இறங்கிய சாறு அத்தனையும் இழுத்துக்கொண்டது. எனக்கே ஆசையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

உங்கள் வாயில் கரண்டி நுழையவில்லை. சின்ன ஸ்பூனும் நுழையவில்லை. அம்மியில் வைத்து நசுக்கி, சாற்றில் கரைத்து, ஸ்ட்ராவில் கொடுத்தேன். ஒரு நார் போய் அடைத்துக்கொண்டது. நீங்கள் இருமிய இருமலில் ரத்தம் வந்தது. போதும் என்று கையை ஆட்டினீர்கள். அப்புறம் தட்டை என் பக்கமாகத் தள்ளினீர்கள்.

"நீ சாப்புடு."

"நானா?"

"ஆமா. நான் பாக்கறேன்."

சாப்பிட்டேன். பிறந்ததிலிருந்து வாயில் வைக்காத கறியை, உங்கள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுக அள்ளிச் சாப்பிட்டேன். நீங்கள் கடை முதலாளி மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நார் பிரியுதா, ஓரம் கொஞ்சம் கருகியிருக்கா, இனிப்பு தூக்கலா இருக்கா. "உப்பு கொஞ்சம் பத்தல" என்றேன். "அடுத்த தடவ போட்டுக்க" என்றீர்கள்.

அந்த ‘அடுத்த தடவ’ என்ற சொல்லில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கையை உதறிவிட்டுக் கேட்டேன். "அன்னைக்கே தின்னுருக்கலாமில்ல? எதுக்குங்க அப்படிப் பொதைக்கச் சொன்னீங்க? ஆத்தா மேல அவ்வளவு பயமா?"

"ஆத்தா மேல இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டீர்கள். "காப்புல பன்னிக்கறி ஆக்கிப் போட்டா, அதான் செத்தான்னு சொல்லுவானுங்க. என்ன ஒண்ணும் சொல்ல மாட்டானுங்க. உன்னத்தான் சொல்லுவானுங்க. ஏற்கெனவே புள்ள இல்லன்னு பேசுறவனுங்க. நான் போனப்பறம் நீ இந்த ஊர்லதான இருக்கணும்."

நான் வாயில் வைத்திருந்ததை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் தட்டைக் காட்டி, "மிச்சத்தையும் சாப்புடு, ஆறிப்போயிடும்" என்றீர்கள்.

வைகாசி வரை இருந்தீர்கள். கடைசி நாட்களை நான் எழுத மாட்டேன். வாயால் எதுவும் போகவில்லை, அது போதும்.

இப்போது அத்தை கொட்டகைப் பக்கம் வந்துவிட்டுப் போகிறார். முந்தானை மூக்கில் இருக்கிறது. ஆனால் போகிறபோது, "தீ எறங்கிப்போச்சு, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். எனக்காகத்தான் ஆக்குகிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஒரு பெண்பிள்ளை தனக்கு மட்டும் பன்றிக்கறி ஆக்கித் தின்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. உப்பு இப்போது சரியாகவே போடுகிறேன்.

உங்களைத் தூக்கிப்போன அன்று முதல் ஆளாகத் தோள் கொடுத்தவர்கள் திருவிழாக் கமிட்டிக்காரர்கள். பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, "புருசன் அவ்வளவு முடியாம கெடந்த நேரத்துலயும் காப்புக்குக் கட்டுப்பட்டு இருந்தா, நல்ல பொம்பள" என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டார்கள். இன்றும் அப்படித்தான். வாய்க்கால் தண்ணீரில் என் முறை வந்தால் யாரும் மடை மாற்றுவதில்லை. கல்யாணப் பத்திரிகை முதலில் என் வீட்டுக்கு வருகிறது. ராசி கெட்டவள் என்று ஒரு சொல் என் காதில் விழுந்ததில்லை. நீங்கள் கணக்குப் போட்டபடியேதான் எல்லாம் நடக்கிறது.

உங்கள் வாய்க்குப் போகவேண்டியதைப் பிடுங்கி எனக்கு வாங்கிக் கொடுத்த பேர் அது. எனக்கு அது வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வயிறாரச் சாப்பிட்டிருந்தால் போதும், ஊர் என்னைக் காறித் துப்பியிருக்கட்டும். ஆனால் திருப்பிக் கொடுக்க நீங்கள் இல்லை. அதனால் நல்லவள் என்று யாராவது சொன்னால், ஆமாம் என்று கேட்டுக்கொண்டு இந்த ஊரிலேயே இருக்கிறேன்.