இருவருக்கு அனுமதி

பிப்ரவரி 20

கியோத்தோவிலிருந்து பதில் அட்டை வந்துவிட்டது. பாசித் தோட்டக் கோயிலுக்கு மார்ச் 12, காலை பத்து மணி. அதன் கீழே: இருவருக்கு அனுமதி.

இருவரா? அனுமதி கேட்டு எழுதிப் போட்டவள் நான்தானே. எத்தனை பேர் என்று கேட்ட இடத்தில் கை தானாக இரண்டு போட்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் யசூஜி இறந்து நான்கு மாதமாகிறது. கைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 21

கல்யாணமானதிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு, "அடுத்த வருஷம் போகலாம்." போன செப்டம்பரில் மட்டும், "வர்ற மார்ச்சுல கண்டிப்பா" என்றார். சொன்னபடியே மார்ச்சில் தேதி கிடைத்துவிட்டது. ஆளைத்தான் காணோம்.

பிப்ரவரி 23

கோயிலுக்குப் போன் போட்டு, ஒருவர் வரமாட்டார் என்று சொன்னால் போதும். அவ்வளவுதான். மணி அடித்தது. அவர்கள் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 25

அவருடைய தங்கை நோபுக்கோ வந்தாள். அண்ணன் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினாள். பக்கத்தில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"துக்க வருஷத்துல ஊர் சுத்தப் போறீங்களா அண்ணி? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"கோயிலுக்குத்தானே."

"குருக்களைக் கேட்டீங்களா?"

கேட்டிருந்தேன். "ஷின்தோ கோயில் வளைவுக்குள்ள மட்டும் நுழையாதீங்கம்மா. புத்தர் கோயிலுக்குத் தாராளமா போகலாம்" என்றார். கொஞ்சம் யோசித்து, "அங்க டர்னிப் ஊறுகாய் நல்லா இருக்கும்" என்றும் சொன்னார். துக்கத்துக்கு ஊறுகாய் தடையில்லை போல.

மார்ச் 1

அட்டையின் பின்பக்கத்தை இன்றுதான் படித்தேன். தோட்டத்துக்குள் விடுவதற்கு முன்னால் உட்கார்ந்து, தூரிகையால் புத்த சூத்திரம் எழுத வேண்டுமாம்.

நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு மீன் ஆலைக்குப் போனவள். இதை அவர் முன்பே சொன்னார்தான். "நீ சும்மா உக்காந்திரு, உன்னுதையும் நானே எழுதறேன்" என்றார். இப்ப யார் எழுதுவாங்க? பாசியைப் பாக்கறதுக்கு ஒரு பரீட்சையா? வேண்டாம். போகவே வேண்டாம்.

மார்ச் 4

நோபுக்கோவிடம் சொல்லிவிட்டேன். சிரித்தாள், பாவி.

"கீழயே எழுத்தை மங்கலா அச்சடிச்சிருக்கும் அண்ணி. அது மேல இழுத்துட்டுப் போனாப் போதும். மீன் வகுந்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

"தனியா உக்காந்து எழுத பயமா இருக்கு."

"உங்களைத் தனியா யாரு விட்டா? ரயில்ல தூங்கி, கியோத்தோவைத் தாண்டி ஒசாக்கா வரைக்கும் போயிடுவீங்க. அதுக்காகத்தான் வர்றேன். எனக்கு ஒண்ணும் ஆசை கிடையாது."

வாசலில் அவள் கழற்றி வைத்திருந்த நடைக் காலணி புத்தம் புதிது.

மார்ச் 12

எழுதினேன். கோடு கோணலாகத்தான் வந்தது, யாரும் திருத்தவில்லை. கடைசியில் ஒரு வேண்டுதல் எழுதச் சொன்னார்கள். அவருக்காக எழுதத்தான் வந்தேன். அந்தச் சின்ன வரிக்குள் அவரை எப்படி அடக்குவது? என் முழங்கால் வலி போகட்டும் என்று எழுதிவிட்டேன்.

நோபுக்கோவுக்குக் கால் மரத்து எழுந்திருக்கவே முடியவில்லை. கைகொடுத்துத் தூக்கினேன். பாசி மரத்தடியெல்லாம் ஏறிக் கிடந்தது. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணன் வந்திருந்தா என்ன சொல்லியிருப்பான் தெரியுமா? 'பச்சையாத்தான் இருக்கு, கிளம்பலாமா?'"

அங்கே அமைதி காக்க வேண்டும் என்று பலகை வைத்திருந்தார்கள். எங்களால் முடியவில்லை.

மார்ச் 14

குருக்களுக்கு ஊறுகாய் கொடுத்தாயிற்று. கியோத்தோவில் வாங்கிய, லவங்கப்பட்டைப் பொடி தூவிய இனிப்பை யசூஜி படத்தின் முன் வைத்தேன். மாலையில் நோபுக்கோ வந்து பார்த்தாள்.

"அண்ணனுக்கு லவங்கப்பட்டை வாசனையே ஆகாதே!"

"எழுந்து வந்து வேண்டாம்னு சொல்லட்டும்."

சிரித்தோம். அவளே இனிப்பைக் கீழே இறக்கிப் பிரித்தாள். நான் தேநீர் வைக்கப் போனேன். கை வழக்கம்போல இரண்டு கோப்பைகளை எடுத்தது.

சரியாகத்தான் இருந்தது.