ரயிலுக்குப் போகும் தடம்

3-6-1988, வெள்ளி

ஏழு மணிப் பாசஞ்சர் இன்றும் தாமதம். ஆனாலும் ஓட்டத்துக்குக் குறைவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் சோற்றுத் தூக்குப்போசியோடு என் சோளக்காட்டின் குறுக்கே ஓடுகிறார்கள். தோட்டத்துக்குப் பின்னால் ரயில் நிற்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்தத் தடம். விட்டது யார்? என் கொழுந்தனார் அப்புசாமி. மனசும் உடம்பும் பெரிசு அவருக்கு என்று ஊர் சொல்லும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டா என் பேரில், தாராளம் அவர் பேரில்.

கிளுவை வேலியில் ஆள் போக விட்ட கடவுக்கு மூங்கில் படல் போட்டிருக்கிறேன். திறந்தவர் சாத்த வேண்டும். காடு வைத்திருக்கிற யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரயில் சத்தம் கேட்டால் எல்லோருக்கும் மறந்துவிடுகிறது.

5-6-1988

‘சாத்தவும்’ என்று அட்டையில் எழுதிப் படலில் கட்டினேன். மளிகைப் பொட்டலத் தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தவள்தான் நான். ஆனால் என் எழுத்து புரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

16-6-1988

செவலைக் கிடாரி போய்விட்டாள். படல் திறந்து கிடந்தது. தண்டவாளத்தில்— 

வேண்டாம்.

17-6-1988

அப்புசாமி வந்தார். அண்ணன் பெண்சாதிக்கு உள்ள மரியாதையோடு, “ஆனது ஆச்சுங்க நங்கையா. இன்னொரு கன்னு வாங்கிக்கலாமுங்க.”

இன்னொண்ணு! யாரைக் கேட்டுத் தடம் வுட்ட? எங்கிட்டக் கேட்டயா? — எல்லாம் வாய்க்குள்ளேயே நின்றது. மத்தியானம் ஆள் வைத்து முள் வெட்டிக் கடவை அடைத்துவிட்டேன்.

28-6-1988

எல்லோரும் பாலத்தைச் சுற்றிப் போகிறார்கள். பாதிப் பேர் ரயிலை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு மாறிவிட்டார்களாம். டிக்கெட் கொடுக்கிற ஆறுச்சாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “ஆளு ஏறலைன்னா இனி ரயிலு இங்க நிக்காதாமுங்க ஆத்தா” என்றான்.

“நிக்காட்டிப் போகட்டும். எங்கிடாரிக்கு நின்னுச்சா?”

நான் சொன்னது சரிதானே?

10-7-1988

ஊர்ப் பெரியவர்கள் தடம் கேட்டு வந்தார்கள். எங்கே? அப்புசாமி ஊட்டுக்கு. அங்கேயே காபி, அங்கேயே பேச்சு, தடத்தைத் திறப்பது என்று அங்கேயே முடிவு. எனக்குச் சேதி மட்டும் வந்தது.

இன்னொரு கட்டு முள் வைத்தேன்.

13-7-1988

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகும் ஜுபைதா ரயிலைத் தவறவிட்டுக் கிணற்றடிக்கு வந்து தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். கேட்கவும் கேட்டேன்: “வருசமா எங்காட்டுல நடந்தியே கண்ணு, ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டமுங்களே ஆத்தா! எல்லாருமாப் போயி அப்புசாமி அண்ணங்கிட்டக் கேட்டம். ‘எந்தோட்டந்தான், தாராளமாப் போங்க’ன்னாங்க. நீங்க குத்தகைக்கு இருக்கறீங்கன்னு நெனச்சமுங்க.”

குத்தகைக்கு. நான்.

“இனி ஒருக்கா லேட்டுன்னா வர வேண்டாம்னுட்டாரு சூப்பர்வைசர்” என்றாள். உடனே, “தடம் கேக்க வரலீங்க. தண்ணிக்குத்தான் வந்தேன்” என்று சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். 

படலைச் சாத்தாதது சாத்தாததுதான். அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் நான் வைத்த முள் யாரைக் குத்துகிறது? அப்புசாமி ரயிலுக்கா ஓடுகிறார்?

18-7-1988

கடவில் இரண்டு கல் நட்டாயிற்று. நடுவில் ஆள் ஒருக்களித்து நுழையலாம், மாடு நுழையாது. திறக்கவும் வேண்டாம், சாத்தவும் வேண்டாம். தடத்தையும் மாற்றிவிட்டேன். இனி சோளத்தின் குறுக்கே அல்ல, வரப்போரமாக. பக்கத்தில் வண்டி போகிற அளவுக்குப் படல். அதற்குப் பூட்டு. சாவி என் இடுப்பில்.

ஊர்ப் பெரியவர்கள் சொன்னதற்காகத் திறந்தேன் என்று பேசுகிறார்களாம். பேசட்டும்.

19-7-1988

முதலில் வந்தவள் ஜுபைதா. கல்லுக்கு முன்னால் நின்று, “வரட்டுங்களா ஆத்தா?” என்றாள். பின்னால் வந்தவர்களும் அதையே கேட்டார்கள். “போங்க, போங்க” என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

2-9-1988

ரயில் நிற்கிறது. இனியும் நிற்குமாம், ஆறுச்சாமி சொன்னான்.

இன்று அப்புசாமி கோயமுத்தூர் கல்யாணத்துக்கு வெள்ளை வேட்டியில் வந்தார். கல்லுக்குள் நுழைந்து பார்த்தார். வயிறு நுழையவில்லை. கல் நடும்போது அந்த வயிறு என் நினைவில் இல்லை என்று எழுதினால் பொய். “மூச்சை உள்ளுக்கு இழுங்கண்ணா” என்று பின்னால் பெண்கள் சிரித்தார்கள். ரயில் ஊதிவிட்டது.

“நங்கையா, படலைச் சித்தெத் தெறந்து வுடுங்க.”

“யாரு தோட்டத்துப் படலுங்க?”

ரயிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “உங்க தோட்டத்துப் படல்தானுங்க.”

அத்தனை பேரும் கேட்டார்கள். பூட்டைத் திறந்தேன். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியவர், பாதித் தூரம் போய் நின்றார். திரும்பி வந்து படலைச் சாத்திவிட்டு ஓடினார்.