மாமா யாரு வீட்டுச் சொல்லு?

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

உக்காந்துட்டு படி, எந்தச் சொல்லு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நான் போடற வீடியோ எல்லாம் புத்தகமா வரப்போகுது, பதிப்பகத்துலேர்ந்து அவங்களே கூப்பிட்டாங்க, காலேஜைப் பாதியில விட்ட என்னை!

எல்லாம் அந்த ‘மாமா’ வீடியோவாலதான். சீனாவுலயும் ஆப்பிரிக்காவுலயும் ‘மாமா’ன்னா அம்மா, நம்ம ‘மாமா’தான் அங்க போய் அர்த்தம் மாறிடுச்சு, எல்லாம் நம்ம வீட்டுலேர்ந்து கிளம்பின சொல்லுன்னு அடிச்சு விட்டேன்ல? மூணு லட்சம் பேர் பாத்துட்டாங்க. அதுதான் முதல் அத்தியாயம். எட்டாம் தேதி கையெழுத்து. அப்பா எதிர்வீட்டுல போய் அரை மணி நேரம் பெருமை அளந்துட்டு வந்தார்.

நீ ஒரு வார்த்தை நல்லதா சொல்லு.

உன் வாலு

மார்ச் 4

வாலு,

ரொம்ப சந்தோஷம்டி. ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும்.

இங்க நான் வேலை பாக்கற குழந்தைகள் காப்பகத்துல ரெண்டு வயசுப் பையன் ஒருத்தன் புதுசா சேந்தான். வீட்டுல ஜார்ஜிய மொழி. காலைலேர்ந்து ‘மாமா மாமா’ன்னு ஒரே அழுகை. அவன் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். வேலையை விட்டுட்டு ஓடி வந்தா. அவ இடுப்புல உக்காந்துகிட்டும் ‘மாமா’ங்கறான். அவ சிரிச்சுட்டா. எங்க மொழியில மாமான்னா அப்பா, அம்மாவுக்கு ‘தேதா’ன்னா.

பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்களைக் கேட்டேன். உதட்டை மூடித் திறந்தாலே ‘மா’ வந்துடும், எந்த ஊர்க் குழந்தையும் சொல்லும், பக்கத்துல இருக்கறவங்க அதைத் தனக்குன்னு எடுத்துக்கறாங்கன்னாங்க. அங்கங்கே தானா பொறந்த சொல்லுடி. யாரும் அனுப்பி வைக்கல.

அப்பவே சொல்லிருக்கணும், உன் ஆட்டத்தைக் கலைக்க மனசு வரல. வீடியோவை அழிச்சிடலாம். அச்சுல ஏறினதை என்ன பண்ணுவ?

அக்கா

மார்ச் 8

அக்காவுக்கு,

ரெண்டு நாள் உன் மேல செம கோவம். மூணாவது நாள் நானே தேடிப் பாத்தேன். நீ சொன்னது சரி.

பதிப்பக மேடம்கிட்ட முதல் அத்தியாயம் தப்புன்னு சொல்லிட்டேன். ஒப்பந்தத்தை மூடி வெச்சாங்க. அப்புறம், “அது இல்லன்னா புத்தகத்துல என்னம்மா இருக்கு?”ன்னாங்க.

“நான் எப்படித் தப்பு பண்ணேன்னு இருக்கும் மேடம். அது இன்னும் நல்லாருக்கும்”னேன்.

கையெழுத்து ஆகல. எழுதிக் காட்டுன்னு ஒரு மாசம் குடுத்திருக்காங்க. போதும், எழுதிடுவேன்.

பழைய வீடியோவைத் தூக்கிட்டு, தப்பை ஒத்துக்கிட்டு புதுசு போட்டேன். நாலாயிரம் பேர் சேனலை விட்டுக் கிளம்பிட்டாங்க, ஒருத்தன் தமிழ்த் துரோகின்னு திட்டினான். போகட்டும். இருக்கறவங்ககிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன்: உங்க வீட்டுக் குழந்தை முதல்ல சொன்ன சொல்லு என்ன, அதைக் கேட்டு யார் ஓடி வந்தாங்க?

நம்ம அம்மாகிட்டயும் கேட்டேன். நான் முதல்ல ‘மா’ன்னப்போ அம்மா மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தாங்களாம். ‘என்னைத்தான் கூப்பிடறா’ன்னு ஓடி வந்தது நீதானாம்.

அதை நீயே எழுதி அனுப்புக்கா. காப்பகத்து அம்மா அப்பாக்களையும் எழுதச் சொல்லு. முதல் பதில் உன்னோடதா இருக்கணும், காத்துட்டு இருக்கேன்.

வாலு