மஸீனா சொன்ன வேலைகள்

தண்ணீரூற்று,
முல்லைத்தீவு.
வியாழக்கிழமை, லுஹருக்குப் பிறகு.

என் அன்பு மஸீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் மகள் முஃப்லிஹாவுக்கும் மருமகனுக்கும் பேத்தி ஸம்ஹாவுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். நான் இருக்கிறன்.

போன் இருக்கக்குள்ள இந்த மனிசனுக்கு என்ன கடிதம் எண்டு நீ யோசிப்பாய். போனில உன்னோட எங்க கதைக்க ஏலுது? நான் வீட்டுக் கதையைத் தொடங்கினா, "இந்தா ஸம்ஹாவோட கதையுங்கோ" எண்டு போனைக் குடுத்திட்டு குசினிக்குள்ள போயிடுவாய். பிள்ளை ஒரு பாட்டுப் படிச்சுக் காட்டும், அதோட லைன் போயிடும். அதாலதான் எழுதுறன். மீன் லொறி ஓட்டுற ஸஜாத் இண்டைக்குப் பின்னேரம் புத்தளம் வாறான். மருமகனிட்டக் குடுக்காத, மாமியிட கையிலதான் குடுக்கவேணும் எண்டு சொல்லியிருக்கிறன்.

முதல்ல வேலைகளைச் சொல்லுறன். முன்மண்டபத்துக்குச் சாந்து பூசி முடிஞ்சுது. நீ கேட்டபடி அறையோட சேத்து கக்கூசு கட்டியாச்சு, இனி இருட்டுக்குள்ள டோர்ச்சைப் பிடிச்சுக்கொண்டு வளவுக்குப் போகத் தேவையில்லை. குரங்குகள் கூரை ஓட்டைக் கிளப்பிப் போட்டு மழை ஒழுகுது எண்டாய். ஓட்டை இறக்கிப்போட்டு தகரச் சீற் அடிச்சன். இப்ப ஒழுக்கு இல்லை, ஆனா அதுகள் மேல நிண்டு ஆடுற ஆட்டத்தில காது அடைக்குது. குசினி யன்னலுக்குக் கம்பி வலை போட்டன். வலைக்கு அங்கால ஒரு கிழட்டுக் குரங்கு குந்தியிருந்து நான் சோறாக்கிறதைப் பாக்கும். எனக்குத் துணை எண்டு இப்ப அதுதான், சிரிக்காத.

குசினி மேடையையும் இடிச்சுத் திரும்பக் கட்டினனான். முதல் கட்டேக்குள்ள மேசன் குகதாசன், உங்கட பெண்சாதியைக் கூட்டிவந்து இஞ்ச நிப்பாட்டுங்கோ ஐயா, இடுப்பு உயரம் பாக்கவேணும் எண்டு கேட்டவன். நான் என்ர தோளடியில கையை வைச்சு, இவ்வளவுதான் வருவா எண்டு காட்டினன். வீடு குடிபுக நீ வந்த அண்டைக்குத்தான் தெரிஞ்சுது மேடை உனக்கு உயரம் எண்டு. முஃப்லிஹா ஒரு பலகையை எடுத்துப் போட, நீ அதில ஏறி நிண்டு பால் காய்ச்சினாய். இத்தனை வருசம் ஒரே வீட்டில இருந்தும் வயசோட நீ குறைஞ்சுபோனதை நான் கவனிக்கேல்ல மஸீனா. நான் கைகாட்டினது கலியாணம் முடிச்ச காலத்து உயரம் போல. இப்ப உயரத்தைக் குறைச்சுப் பதிச்சுக் கட்டியிருக்கு. உனக்குச் சரியா வரும்.

அந்த நாளைப் பற்றியும் எழுதத்தான் வேணும், மனசுக்குள்ள வைச்சிருந்து எனக்கு நித்திரை இல்லை. மௌலவி வந்து யாசீன் ஓதினார். வாசலால நீதான் முதல்ல குர்ஆனை ஏந்திக்கொண்டு வந்தாய். உனக்குப் பின்னால அரிசியும் உப்பும் வந்துது. சிவராசாவும் பெண்சாதி நேசமலரும் வட்டிலப்பம் சாப்பிட்டிட்டு, வீடு வடிவாயிருக்கு எண்டினம். மூலை திரும்பினா அவையின்ர வளவு, உனக்குத் தெரியும்தானே. நேசமலர் உன்ர கையைப் பிடிச்சுக் கேட்டவ.

"அக்கா, இனி இஞ்சதானே?"

"ஓம், இனி இஞ்சதான்."

நீ அப்பிடிச் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டனான். எனக்குக் கண் கலங்கிப்போச்சு. பிறகு நான் வந்து பாக்கேக்குள்ள நீ கோப்பைகளைக் கழுவித் துடைச்சு அலுமாரியில வைக்காமல், கொண்டுவந்த கூடைக்குள்ளயே அடுக்கினாய். உடுப்புப் பை வானை விட்டு இறங்கவே இல்லை. அஸருக்குப் பிறகு எல்லாரும் ஏறினியள், நீயும் ஏறினாய். உம்மா பிந்தி வருவா வாப்பா எண்டு மகள் சொன்னா. அவ சொல்லக்குள்ள நீ மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு இருந்தாய்.

மஸீனா, இது நான் தனிய எடுத்த முடிவு இல்லை. நம்மட கற்பிட்டித் தோட்டத்தை வித்து ஊரில ஒரு வீடு வாங்குவம் எண்டு ரெண்டுபேரும் இருந்து கதைச்சுத்தான் செய்தனாங்கள். நீங்க போய்த் திருத்துங்கோ, சரிவந்ததும் வாறன் எண்டு நீயே சொன்னாய். கக்கூசு எண்டாய், கட்டினன். கூரை எண்டாய், மாத்தினன். கிணத்துக்கு மோட்டர் எண்டாய், அதுவும் பூட்டியாச்சு. நீ ஒண்டு சொல்லுவாய், நான் அடுத்த நாளே ஆளைத் தேடி முள்ளியவளைக்குச் சைக்கிள் மிதிப்பன். எனக்கும் அது சந்தோசமாத்தான் இருந்துது. போன மாசம் போனில நீ சொன்னது மட்டும் என்னால ஏலாத வேலை. பக்கத்து வீடுகளில ஆக்கள் வந்து இருக்கட்டும், பிறகு வாறன் எண்டு சொல்லிப்போட்டாய்.

நம்மட ஒழுங்கையை நீ வடிவாப் பாத்திருக்க மாட்டாய். எல்லாம் புது வீடு, புதுப் பெயின்ற். எல்லாத்திலயும் பூட்டு. ஒவ்வொருத்தரும் வந்து நிண்டு கட்டுவினம், ஊர்ச்சனம் எண்டு பதிவைச் செய்வினம், கத்தம் ஓதுவினம், கதவைப் பூட்டித் திறப்பை என்ர கையில தந்திட்டு, பாத்துக்கொள்ளுங்கோ நானா எண்டு சொல்லிப் புத்தளத்துக்கு பஸ் ஏறிடுவினம். பொழுதுபட்டா நான்தான் வீடு வீடாப் போய் லைற் போடுறன், ஆக்கள் இருக்கிற மாதிரித் தெரியட்டும் எண்டு. முற்றம் கூட்டுறதும் நான்தான். வெள்ளிக்கிழமையில மட்டும்தான் பள்ளியில சனம் பாக்கலாம். மற்ற நாளில நானே பாங்கு சொல்லி நானே தொழுதுபோட்டு வாறன்.

நீ சொன்னதுக்குப் பிறகு வெக்கத்தை விட்டு ஒவ்வொருத்தருக்கும் போன் எடுத்தன். எல்லாரும், ஓம் நானா, வரத்தானே வேணும், சனம் சேரட்டும் எண்டினம். கடைசியா நம்மட மதிலோட இருக்கிற றிஃபாத்துக்கு எடுத்துக் கெஞ்சினன். முதல்ல நீ குடும்பத்தோட வா தம்பி, உன்னைப் பாத்து மற்றவை வருவினம் எண்டன். அவன் என்னைத் திருப்பிக் கேட்டான்.

"சரீப் நானா, எங்கட வீட்டில கேக்கச் சொல்லுறா. மஸீனா ராத்தா வந்திட்டாவா?"

நீ அவையைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய், ஒழுங்கை முழுக்க உன்னைப் பாத்துக்கொண்டு இருக்குது. விசாரிச்சுப் பாத்தன், அங்க பொம்பிளையள் எல்லாரிட வாயிலயும் இந்தக் கதைதானாம். சரீப் நானாட மனிசியே போகேல்ல, நாங்கள் என்னெண்டு போறது எண்டினமாம். நான் போனை வைச்சிட்டுக் குசினிக்குள்ள போய் அப்பிடியே நிலத்தில இருந்திட்டன். அண்டைக்கு மனசு விட்டுப்போச்சு.

உன்னில நான் பிழை சொல்லேல்ல. புத்தளத்தில ஓலைக் கொட்டில்ல தொடங்கி, கல்லாக் கட்டி, அந்த வீட்டை மகளிட கலியாணத்துக்கு எழுதிக் குடுத்து, இப்ப அவட பின்னறையில இருக்கிறாய் எண்டாலும், உனக்குத் தெரிஞ்ச சனம் அங்கதான். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் நம்மட முஸ்லிம் சனத்தை ஊரை விட்டு வெளியேறச் சொன்ன அண்டைக்கு நீ சோத்துப் பானையை அடுப்பில விட்டிட்டு வந்தனி. குடிபுகுந்த அண்டைக்கு வான் வெளிக்கிடேக்குள்ள யன்னலால நீ சொன்னது இன்னும் என்ர காதில கேக்குது. திரும்பவும் ஒருநாள் ஆக்கள் வந்து, ஊரை விட்டுப் போ எண்டு சொன்னா என்னால ஏலாது எண்டாய். அப்பிடி நடக்காது எண்டு நான் எந்த வாயால சொல்ல? தெரியாததை எப்பிடிச் சத்தியம் பண்ணுறது?

நான் அங்க திரும்பி வரலாம்தான். வந்தா அந்தப் பின்னறையில மருமகனிட முகத்தைப் பாத்துக்கொண்டு எத்தனை காலம் இருக்கலாம்? அவர் நல்ல பிள்ளை, குறை இல்லை. ஆனா நான் இருமினாலும் டிவிச் சத்தத்தைக் கூட்டுவார்.

இதை மகளுக்குச் சொல்லாத. போன கிழமை எனக்குக் காய்ச்சல் வந்து விழுந்திட்டன். லைற் எரியாததைப் பாத்திட்டு சிவராசா வந்து, மோட்டார் சைக்கிளில ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போனவர். வீட்டில ஆர் இருக்கினம் எண்டு அங்க கேட்டினம். சிவராசாதான் முந்திக்கொண்டு நாங்கள் இருக்கிறம் எண்டு சொன்னவர். நேசமலர் எனக்காகவே புதுச்சட்டி வாங்கி, மரக்கறிக் கஞ்சி வைச்சுத் தந்தா. அக்கா எப்ப வாறா எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறா. உனக்கு முழங்கால் ஏலாது எண்டு பொய் சொல்லி வைச்சிருக்கிறன். அவ அதை நம்பி எண்ணெய் காய்ச்சி ஒரு போத்தல் தந்திருக்கிறா, லொறியில வருது. பூசு, இல்லாட்டிச் சும்மா வை.

படுத்துக் கிடக்கக்குள்ள ஒரே யோசனைதான் வந்துது. மௌத்து வந்தா, கடைசி மூச்சில கலிமாச் சொல்லித்தர இந்த ஒழுங்கையில ஒரு ஆள் இல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு மஸீனா. இந்த வயசில இப்பிடிப் பயந்ததில்லை.

வாறியா இல்லையா, ஒரு முடிவைச் சொல்லு எண்டு கேக்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினன். அதைக் கேக்க இப்ப எனக்குத் துணிவு இல்லை. நீ வரமாட்டன் எண்டு சொல்லிட்டா, நாளைக்குச் சுபஹுக்கு எழும்பி நான் என்னத்தைச் செய்யிறது? ஸஜாத் வாசலில ஹோர்ன் அடிக்கிறான்.

முடிவு ஒண்டும் சொல்லவேண்டாம். வீட்டில ஒரு குறை சொல்லியனுப்பு. கதவு சின்னன் எண்டு சொல்லு, சுவர் நிறம் பிடிக்கேல்ல எண்டு சொல்லு. நான் உடைச்சுத் திரும்பக் கட்டுறன்.

ரப்பு உன்னை நல்லா வைச்சிருக்கட்டும்.

உன்ர,
சரீப்