ஹெர்குலிஸின் தொப்பை

ரோமாபுரி, 1788 பிப்ரவரி

அன்பு அக்கா ஓர்சோலாவுக்குத் தம்பி புரோஸ்பெரோ எழுதுவது. நான் சுகம், உன் முழங்கால் வலி தேவலையா?

ஓவியன் தத்தேயோ அவமானப்படுவான் என்று அன்றே சொன்னேன், பலித்துவிட்டது. என்னைச் சிங்கத்தைக் கொன்ற வீரன் ஹெர்குலிஸின் சிலைபோல நிறுத்திச் சுண்ணக்கட்டியால் வரைவான். பிறகு படத்தில் தொப்பையை மட்டும் அழித்துக் கட்டுடலாக்குவான். ரோமாபுரியிலேயே என்னைப்போல் ஹெர்குலிஸ் கிடையாது. அவனோ, "யோவ், தொப்பையைக் குறைச்சாதான் உனக்கு வேலை" என்று எல்லோர் முன்பும் சிரித்தான். மூன்று நாள் பட்டினி கிடந்தேன்.

ஓவியப் போட்டியன்று, கோடு அழிக்க அவன் வைத்திருந்த ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவினேன். தொப்பை அழியவில்லை.

"என்னப்பா, உன் ஹெர்குலிஸ் சிங்கத்த முழுசா முழுங்கிட்டாரா?" என்றார் நடுவர். பரிசு போனது. அவன் முகத்தைப் பார்த்து என் வயிறு குளிர்ந்தது.

கம்பளிக் காலுறையும் பாலாடைக்கட்டியும் அனுப்பு. தபால்காரன் அவசரப்படுத்துகிறான்.

கொழுப்பு தடவியது மட்டும் பொய், அக்கா. பசி தாங்காமல் அந்த ரொட்டியைத் தின்றுவிட்டேன்.