மழை அளந்தவர்களின் கடைசிப் பாகம்

உன் பென்டிரைவ் இன்னும் தைலம் நாறுகிறது. வீட்டில் வேறு இடமே இல்லாதது போல, தலைவலித் தைலம் தீர்ந்துபோன தகர டப்பாவில் அதைப் போட்டு வைத்திருந்தாய். நேற்று உன் மகள் வேங்கிக்கால் வரைக்கும் வந்து அதை என் கையில் கொடுத்தாள். "சாச்சா, அத்தாவோட அலமாரியை ஒழிச்சோம். இது உங்ககிட்டதான் இருக்கணும்னு அம்மா சொன்னாங்க" என்றாள். மூடியைத் திறந்ததும் உன் தலையணை வாசனை அப்படியே மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்ததற்குத் தைலம்தான் காரணம் என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

உண்மையில் அது அழுகை மட்டும் இல்லை, கோபமும்தான். ஐந்து மாதமாக உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். ஒரு டி.வி. நாடகத்தின் கடைசிப் பாகத்தைக் கூட உட்கார்ந்து பார்க்காமல் செத்துப்போனான் என்பதற்காக யாராவது சிநேகிதன்மேல் கோபப்படுவானா என்று கேட்பார்கள். படுவான். நான் படுகிறேன். அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

செங்கம் ரோட்டில் உன் மாடி அறையில் மூன்று மாதம் தங்கியிருந்த அந்த வெள்ளைக்கார முதியவர் ஊருக்குக் கிளம்பும்போது இந்தப் பென்டிரைவை உன் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டுப் போனார். எங்கள் நாட்டு நாடகம், நீ சிரிப்பாய் என்றாராம். நீ எனக்குப் போன் பண்ணினாய். "டேய், ஞாயித்துக்கிழமை வா. இங்கிலீஷ் எழுத்து கீழ ஓடுது. நான் ஒரு வரி படிக்கறதுக்குள்ள அது மூணு வரி போயிடுது. நீ படிச்சுச் சொல்லு." வாடகைக்கு வருகிறவர்களோடு பேசிச் சமாளிக்கும் இங்கிலீஷ் உனக்கு நன்றாகவே வரும். ஓடுகிற எழுத்தைத் துரத்தத்தான் வராது.

ஏதோ ஒரு குளிர்நாட்டுக் கிராமம். அங்கே ஏழெட்டுப் பேர். ஒருவர் தபால்காரர், ஒருத்தி பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள், இரண்டு பேர் பன்றி வளர்ப்பவர்கள், அப்புறம் தாடி வைத்த ஒரு பெரியவர். இவர்களுக்குப் பொழுதுபோக்கு, மழையை அளப்பது. வீட்டுக்கு வீடு தோட்டத்தில் ஒரு கண்ணாடி ஜாடி. வாரம் ஒருநாள் ஒரு தகரக் கொட்டகையில் கூடி, உன் வீட்டில் எவ்வளவு, என் வீட்டில் எவ்வளவு என்று நோட்டைத் திறந்து சண்டை போடுவார்கள். அடுத்தடுத்த தோட்டம், ஒரே மேகம், ஆனாலும் அளவு ஒத்துப்போகாது. நாடகம் முழுக்க அவ்வளவுதான்.

முதல் பாகம் முடிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் நான் கலெக்டர் அலுவலகத்தில் பார்த்த வேலையில் பாதி இதுதான். காலையில் ஒவ்வொரு தாலுகாவுக்கும் போன் போட்டு மழை அளவை வாங்கி, கட்டம் போட்ட தாளில் எழுதி, மேலே அனுப்புவது. "சம்பளம் வாங்கிட்டு நான் செஞ்ச வேலையை இவங்க சும்மா செய்றாங்கடா, பைத்தியங்க" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாய்: "எழுதுற அன்னிக்கு என்னிக்காவது ஜன்னல் பக்கம் போயி மழையைப் பாத்திருக்கியா நீ?" பார்த்ததில்லை என்பது உனக்கும் தெரியும்.

அதற்கு அடுத்த வாரமே நீ மொட்டைமாடியில் ஒரு ஜாடியும் புனலும் வைத்துவிட்டாய். பக்கத்தில் சுவர் இருக்கக் கூடாது, மரம் இருக்கக் கூடாது என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். நீ கேட்டாயா? வெயில் கொளுத்திய ஒரு காலையில் போன் செய்து, "நம்ம வீட்ல நல்ல மழைடா, ஜாடியில பாதிக்கு மேல தண்ணி! உங்க பக்கம் கம்மியா?" என்றாய். வேங்கிக்காலில் ஒரு சொட்டு இல்லை. பதறியடித்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்த மறந்து, தொட்டி வழிந்து, உன் ஜாடிக்குள் விழுந்துகொண்டிருக்கிறது. அந்த அளவையும் நீ நோட்டிலிருந்து அடிக்கவில்லை. "விழுந்தது விழுந்ததுதானே" என்றாய்.

ஞாயிறு தோறும் சாயங்காலம் நீ அஸர் தொழுதுவிட்டு வந்ததும் டி.வி.க்குப் பின்னால் பென்டிரைவைச் செருகுவாய். திரையில் பெயர்கள் வரிசையாக வரும். வாயில் நுழையாத நீளப் பெயர். பாதிதான் தெரியும், மீதி வெட்டுப்பட்டிருக்கும். பன்னிரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி. மேலே இருந்து ஒவ்வொன்றாக இறங்கி வருவோம். வாரத்துக்கு ஒன்று என்பது உன் சட்டம். நான் கீழே ஓடுவதைத் தமிழில் சொல்லச் சொல்ல நீ சிரிப்பாய். சில நேரம் நான் சொல்வதற்கு முன்பே சிரித்துவிடுவாய், திரையில் தெரியும் முகத்தைப் பார்த்து. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

நான்காவது வாரம் பௌர்ணமி. என் மச்சான் குடும்பத்தோடு கிரிவலத்துக்குக் காரில் வந்து, வண்டியை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தான். நாடகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. மாடிப்படியில் நின்று, "செங்கம் ரோட்டுக்குள்ள வராதடா, திரும்பிடு, திரும்பிடு!" என்று கத்திக்கொண்டே இருந்தேன். அவன் திரும்பினான், மறுபடியும் அதே இடத்துக்கு வந்தான். வைத்துவிட்டு வந்தால் இன்னொரு போன். கடைசியாக நான் உள்ளே வந்தபோது திரை கறுப்பாகி இருந்தது.

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆவல. தபால்காரன் அந்தப் பெரியவர்கிட்ட குடையைத் திருப்பிக் குடுத்தான். மழை வந்துது. எல்லாரும் ஜாடிகிட்ட போனாங்க. ஆனா யாரும் அளக்கல. அப்படியே நின்னு நனைஞ்சாங்க. அவ்ளோதான்."

"இவ்ளோதானா?"

"வேற இன்னா வேணும் உனக்கு?"

எழுத்து படிக்க ஆள் இல்லாமல் நீ தனியாகப் பார்த்த ஒரே பாகம் அது. மறுபடியும் போடு என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மச்சான் வண்டியைப் பற்றிய கடுப்பிலேயே இருந்தேன்.

அதற்கப்புறம் சில கோளாறுகள் வந்தன. ஆறாவது வாரம் தபால்காரர் வந்து அதே பெரியவரிடம் குடை இரவல் கேட்டார். "அதைத்தான் அன்னிக்கே திருப்பிக் குடுத்துட்டான்னு சொன்னியே?" என்றேன். "மறுபடி கேக்குறான். இரவல் வாங்குறவன் ஒரு தடவையோட நிறுத்துவானா?" என்றாய். இரண்டாவது வாரம் செத்துப்போன நாய் எட்டாவது வாரம் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. "அதே ஜாதியில இன்னொண்ணு வளக்குறாங்க" என்றாய். எனக்கும் அது சரி என்றே பட்டது. முப்பது வருஷம் கட்டத்துக்கு நேராக எண்ணை எழுதிய எனக்கு!

பதினோராவது வாரம் முடிந்தபோது பட்டியலில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. நீ டி.வி.யை அணைக்க எழுந்தாய். நான் உன் கையைப் பிடித்தேன். "ஒண்ணுதான்டா இருக்கு, பாத்துடலாம். நேரம் இருக்கு." நீ பென்டிரைவைப் பிடுங்கித் தைல டப்பாவில் போட்டு மூடினாய். "பாத்துட்டா அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு இன்னா வெப்ப?"

அந்த வியாழக்கிழமையே காலை பத்து மணிக்கு உன் மனைவி போன் செய்தார். மாடியில் ஜாடியைப் பார்க்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்றார். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சொல், கோபம் வருமா வராதா? அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை அன்றைக்கே கொடுத்திருந்தால் உனக்கு என்ன குறைந்திருக்கும்?

உன்னை விடு. இந்த நாடகத்தில் என்ன இருக்கிறது என்று ஒருத்தருக்கும் என்னால் புரியவைக்க முடியவில்லை, அது இன்னும் எரிச்சல். வேங்கிக்கால் டீக்கடையில், என்னோடு ஓய்வு பெற்றவர்களிடம் ஆசை ஆசையாகச் சொன்னேன். "கொலை இருக்கா?" என்றார் ஒருவர். இல்லை என்றேன். "கள்ளக் காதல்?" அதுவும் இல்லை. "அப்புறம் இன்னாத்துக்கு சார் பாக்குறீங்க?" என் மகனுக்கு முதல் பாகத்தைப் பற்றிச் சொன்னேன். "ரொம்ப ஸ்லோவா இருக்கும்போல. ஒன்றரை வேகத்துல ஓட விட்டுப் பாருங்கப்பா" என்றான். மழையை ஒன்றரை வேகத்தில் ஓட விடச் சொல்கிறான்! என் மனைவி இன்னும் ஒரு படி மேலே. "குழாயடியில போயி நின்னா இதே சண்டையைப் பாக்கலாம்."

அவர்களுக்கு என்ன சொல்வது? நம் ஊருக்கு வருகிற அத்தனை பேரும் ஏதாவது கேட்டுத்தான் வருகிறார்கள். தரிசனம் வேண்டும், நிம்மதி வேண்டும், பிள்ளைக்கு வேலை வேண்டும். நாமும் அவர்களிடமிருந்து ஏதாவது கிடைக்குமா என்றுதான் பார்க்கிறோம். அந்தக் கொட்டகையில் இருந்தவர்களுக்கு அந்த அளவு எதற்கும் உதவாது. யாரும் அதைக் கேட்கவில்லை, யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். ஆனாலும் தாடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் குனிந்து பார்க்கிறார்கள். வாரத்தில் அந்த ஒரு அரை மணி நேரம் யாரும் எதையும் வேண்டாத இடத்தில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். இதை டீக்கடையில் சொல்ல முடியுமா? சொன்னால், பென்ஷன் வாங்கியதும் சாமியாராகிவிட்டான் என்பார்கள்.

நேற்று உன் மகள் கிளம்பாமல் நின்றாள். "அந்தக் கடைசி எபிசோடை அத்தாவுக்காகப் பாத்துடலாம் சாச்சா. நானும் கூட இருக்கேன்" என்றாள். நான் வேண்டாம் என்பதற்குள் என் மகனின் லேப்டாப்பைத் திறந்து பென்டிரைவைச் செருகிவிட்டாள். அதில் பெயர்கள் வெட்டுப்படாமல், கடைசியில் இருந்த எண் வரை தெரிந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"நீங்க டி.வி.ல வர்ற வரிசையிலேயா பாத்தீங்க?"

"ஆமாம்மா. மேலேர்ந்து கீழே."

"நம்ம வீட்டு டி.வி. பழசு சாச்சா. அது நம்பரோட முதல் எழுத்தை மட்டும் பாத்து அடுக்கும். ஒண்ணுக்கு அப்புறம் பத்து, பதினொண்ணு, பன்னெண்டுன்னு வெச்சுட்டு, அதுக்கப்புறம்தான் ரெண்டுக்கே வரும்." விரலால் தொட்டுக் காட்டினாள். "நீங்க பாக்காம வெச்சிருக்கிறது ஒன்பதாவது. நடுவுல வர்றது. கடைசி எபிசோடை நீங்க நாலாவது வாரமே பாத்துட்டீங்க."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் முதலில் வந்தது சிரிப்புதான். நாயும் குடையும் வரிசையாக வந்து நின்றன. ஒரு கதையை முன்னுக்குப் பின்னாகப் பார்த்துவிட்டு, அதுதான் சரி என்று உட்கார்ந்து நியாயம் பேசியிருக்கிறோம், நீயும் நானும். கொலை இருக்கிற கதையாக இருந்திருந்தால் அடுத்த வாரமே பிடிபட்டிருக்கும். இதில்தான் எந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்து எங்கே வைத்தாலும் பொருந்திக்கொள்கிறதே.

அப்புறம்தான் உறைத்தது. நாலாவது வாரம். பௌர்ணமி. மாடிப்படி. ஐந்து மாதமாக உன்னைத் திட்டினேனே, முடிவைப் பார்க்க விடாமல் போய்விட்டாய் என்று. நீ பார்த்திருக்கிறாய். உன் பக்கத்தில் எனக்கு இடமும் விட்டு வைத்திருந்தாய். பார்க்காமல் போனவன் நான். நம் கடைசிப் பாகத்தை ஒரு காரை நிறுத்த இடம் தேடிக் கொடுத்துத் தொலைத்தவன் நான். இத்தனை நாள் சுமந்த கோபத்தை இப்போது யார்மேல் இறக்கி வைப்பது?

அன்று மாடிப்படியில் நின்ற கதையை உன் மகளிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "பன்னெண்டாவதைப் போடட்டுமா? நீங்க பாக்கலையே."

"வேண்டாம்மா. உங்கத்தா சொல்லிட்டாரு" என்றேன்.

"இன்னா சொன்னாரு?"

சொன்னேன். குடை, மழை, ஜாடி, யாரும் அளக்கவில்லை, நின்று நனைந்தார்கள். நீ சொன்ன அதே வார்த்தைகளில், கடைசியில் அவ்ளோதான் என்பதையும் சேர்த்து. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒன்பதாவதை நாங்கள் தொடவில்லை. டப்பாவில் போட்டு மூடி என் அலமாரியில் வைத்திருக்கிறேன். அது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு.

பதினோரு வாரத்தில் பத்து வாரம் நான் உனக்குக் கதை சொன்னேன். ஒரே ஒரு வாரம் நீ எனக்குச் சொன்னாய், ஒரு வார்த்தையும் புரியாமல், முகங்களை மட்டும் பார்த்து. அதுதான் முடிவு என்று உனக்கும் தெரியாது. நானோ இவ்ளோதானா என்று கேட்டேன்.

வேற இன்னா வேணும் உனக்கு என்று திருப்பிக் கேட்டாயே, அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. போனை அணைத்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், நீ அதை இன்னொரு தடவை சொல்லணும்டா. அவ்ளோதான்.